செல்விக்கு நான் போட்ட பூஜ்யம்

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பதினெட்டு வருஷமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். போன செமஸ்டரில் நான் போட்ட ஒரு பூஜ்யத்தைப் பற்றி யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்.

எக்ஸ்பொனென்ஷியல், காமா, வெய்புல் என்ற மூன்று நிகழ்தகவுப் பரவல்களுக்கும் சராசரி கேட்டிருந்தேன். எல்லோரும் ஆளுக்கு நாலு பக்கம் எழுதியிருந்தார்கள். பெரும்பாக்கத்திலிருந்து வரும் செல்வி மட்டும் அரைப் பக்கம். ஸ்டெப்பே இல்லை, எங்கேயோ பார்த்து எழுதியிருக்கிறாள் என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டேன்.

மறுநாள் பேப்பரோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நின்றாள்.

"பார்த்து எழுதல மேடம். எனக்கு மனப்பாடம் சுத்தமா வராது. அதான் எல்லாத்துக்கும் பொதுவா ஜெனரலைஸ்டு காமாவோட சராசரி ஃபார்முலா ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டேன்."

"எங்க, போட்டுக் காட்டு."

அந்தச் சூத்திரத்தில் வடிவத்தைத் தீர்மானிக்கும் எண்கள் இரண்டு. இரண்டாவதை மட்டும் ஒன்று என்று வைத்தாள், காமாவின் சராசரி வந்தது. இரண்டையும் சமமாக வைத்தாள், வெய்புல். இரண்டுக்குமே ஒன்று போட்டாள், எக்ஸ்பொனென்ஷியல்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. மூன்று பாடமாக நான் மூன்று வாரம் இழுப்பது அவள் பேனா முனையில் ஒன்றாக நின்றது. புத்தகத்தில் இது ஓரமாக ஒரு வரி இருக்கும். சிலபஸில் இல்லை என்று வருஷா வருஷம் தாண்டிப் போயிருக்கிறேன்.

முழு மார்க் போட்டேன். "அடுத்த தடவை ஸ்டெப் எழுதணும்மா" என்று அதட்டியும் அனுப்பினேன்.

அவள் போனதும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அதே மூன்றையும் நானே போட்டுப் பார்த்தேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக.