துவைக்கும் கல்லில் கிடந்த கோழி

துணி துவைக்கும் கல்லில் கிடந்த அந்த வெள்ளைக் கோழிக்குத் தலை இல்லை. கழுத்தும் பாதிக்குமேல் தின்னப்பட்டிருந்தது. உடம்பில் வேறெங்கும் பல் பதியவில்லை. நாய் கடித்ததல்ல என்று பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், சுற்றி நின்ற மூன்று வீட்டாரிடமும் 'நாய்தான்' என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. என் பக்கத்து நியாயமாகச் சொல்ல இதில் எதுவும் இல்லை.

எங்கள் ஊர் பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கிணற்றில் விழுந்த பாம்பு விஷமுள்ளதா, கூரையில் சத்தம் போடுவது எது என்று கேட்க எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். நான் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. அந்தப் பெருமையை நான் மிகவும் விரும்பினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பால்வெட்டுக்காரர் குடியிருந்தார். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் ரப்பர் மரங்களைக் கீறிப் பால் எடுக்கப் போவார். அவருக்கு முன்னால் ஒரு செம்பழுப்பு நாட்டு நாய் போகும். குட்டன் என்று கூப்பிடுவார். புல்லில் பாம்பு கிடந்தாலும் பன்றி நின்றாலும் அதுதான் முதலில் நின்று குரைக்கும், அவரும் நின்றுவிடுவார். கட்டிப்போட்டு வளர்த்த நாயல்ல. அதற்கு என்னைப் பிடிக்காது. ஒரு ஞாயிறு ஆலயத்துக்குப் புறப்பட்டவனைக் குரைத்துத் துரத்தியதில் வெள்ளை வேட்டியோடு சேற்றில் விழுந்தேன். பாதையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஓடி வந்து என்னைத் தூக்கிவிட்டு, தானும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணும் நெனைக்காதீங்க சாரே. படிச்சவிய, படிக்காதவியன்னு அதுக்குத் தெரியாதுல்லா." அவர் வேடிக்கையாகச் சொன்னதுதான். நான்தான் அதை வீட்டுக்கு எடுத்து வந்து மாதக்கணக்கில் வைத்திருந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் வரிசையாகக் கோழிகள் செத்தன. மூன்று வீடுகளில் போன பிறகு என் வீட்டிலும் போயிற்று. மனைவி கூட்டைத் திறந்து, செத்ததைக் கல்லில் கொண்டு போட்டிருந்தாள். நாய் புகுந்தால் கூட்டை உடைக்கும், அடியில் மண்ணைப் பறிக்கும், முதுகிலும் தொடையிலும் கடித்து உதறும். முற்றமெல்லாம் இறகு பறக்கும். என் கூட்டில் கம்பிவலை மேல்மூலையில் மட்டும் ஒரு கை நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. இறகுகள் கூட்டுக்குள்ளேயே கிடந்தன. கூட்டை ஒட்டிய விறகுப்புரையின் உத்தரத்தில் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் காய்ந்துகொண்டிருந்தது. உத்தரம் வழியாக நடந்து வந்து, கோழியின் தலையைத் தின்றுவிட்டு உடம்பைப் போட்டுப் போவது மரப்பட்டியின் வழக்கம். மற்ற ஊர்களில் மரநாய் என்பார்கள். என் மாணவர்களில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பான்.

கோழி பறிகொடுத்த வீட்டார் என்னைக் கேட்க வந்து நின்றார்கள். நான் குந்தி உட்கார்ந்து கோழியைப் புரட்டிப் பார்த்தேன். தெரிந்த விடையைத் தேடுவதுபோல நேரம் எடுத்துக்கொண்டேன். வேலிக்கு அப்பால் அந்த நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. 'நாய்தான்' என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினேன். யாருடைய நாய் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் வேறு நாய் கிடையாது.

அன்று மாலையே பால்வெட்டுக்காரர் குலசேகரம் சந்தையில் ஒரு சங்கிலி வாங்கி வந்து நாயைக் கட்டினார். கட்டிப்போட்டதால்தான் அதைக் கொல்வது எளிதாயிற்று. மூன்றாம் நாள் பகலில் யாரோ சாளை மீனில் வாழைக்கு வைக்கும் பூச்சிமருந்தைக் கலந்து அதன் முன்னால் எறிந்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அவர் ஒவ்வொரு வீடாக ஏறி, தன் கூட்டிலிருந்து ஒரு கோழியைக் கொடுத்தார். என்னிடமும் வந்தார். "நீங்க பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும், சாரே. எனக்க வீட்டுக் கோழிய அது தொட்டதே இல்ல, அதான் நான் அறியாமப் போனேன்" என்றார். ஒரு நாட்டுப் பெட்டைக்கோழி. காலை வாழைநாரால் கட்டியிருந்தார். அதை நான் வாங்கிக்கொண்டேன். அது இட்ட முட்டைகளையும் தின்றேன்.

கோழிகள் அதற்குப் பிறகும் தலையில்லாமல் செத்தன. யாரும் என்னைக் கேட்க வரவில்லை. ஒருவேளை அவர்களுக்கும் தெரிந்திருக்கலாம்.

அடுத்த வருடம், பால் வெட்டப் போகும் வழியில் அவரை விரியன் கடித்தது. உயிர் பிழைத்தார். ஆனால் பாதத்தில் அழுகிய சதையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. சரிவில் கால் ஊன்ற முடியாமல் வெட்டு வேலை நின்றது. அவர் மனைவி முந்திரி ஆலைக்குப் போய்க் குடும்பத்தை நடத்தினார். நாய் இருந்திருந்தால் பாம்பு கடித்திருக்காது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தத் தடத்தில் அவருக்கு முன்னால் நடக்க ஒன்று இருந்திருக்கும். அவ்வளவு தெரியும்.

ஞாயிறுதோறும் ஆலயத்தில் பாவ அறிக்கை சொல்லுவோம். எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது எதையும் குறிப்பாகச் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு வருடம் அப்படியே சொன்னேன். மனைவி இறந்தபின், போன வருடம்தான், வேலியைச் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மரப்பட்டிதான் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும், தெரிந்தே பொய் சொன்னேன் என்றேன். என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

வாசலில் நின்ற தன் மனைவியைக் காட்டிச் சொன்னார்: "அது கெடந்து துடிச்சப்போ தண்ணி குடுக்கேன்னு இவ ஓடி வந்தா. கோழி தின்ன வாயிக்கு தண்ணி வேண்டாம்னு நானாக்கும் தடுத்தேன். சாவுதது வரைக்கும் அது எனக்க மொகத்தையே பாத்துக்கிட்டு கெடந்துது, சாரே."

நாய்க்குட்டி ஒன்று கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பிறகு மற்ற மூன்று வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். ஒருவர், "செத்துப்போன நாய்க்கா இந்த வயசுல இப்பிடிக் கெடந்து உருகுதிய?" என்று சிரித்தார். இன்னொரு வீட்டில் காப்பி தந்து பேச்சை மாற்றினார்கள். மூன்றாவது வீட்டில், சொல்லி முடிக்குமுன் கதவைச் சாத்தினார்கள். மீனை எறிந்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

போன வாரம் காலையில் பால்வெட்டுக்காரரின் மனைவி என் பின்முற்றத்துக்கு வந்தார். கையில் தலையில்லாத ஒரு கோழி. அதே கல்லில் போட்டுவிட்டு, "இத எது கடிச்சதுன்னு சொல்லணும்" என்றார்.

நான் குந்தி உட்காரவில்லை, முழங்கால் மடங்காது. புரட்டிப் பார்க்கவும் தேவையில்லை. "மரப்பட்டி" என்றேன்.

"கொஞ்சம் ஒரக்கச் சொல்லுங்க. அவிய கேக்கணும்."

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். கம்பை ஊன்றிக்கொண்டு அவர் நின்றிருந்தார். அவ்வளவு தூரம் நடக்க அவருக்கு வெகுநேரம் ஆகியிருக்கும். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசும் குரலில் மறுபடியும் சொன்னேன்: "மரப்பட்டி. நாய் இல்ல."

அவர் கேட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அவர் மனைவியும் போனார். கோழியைக் கல்லிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.