மலைக்குப் போன குண்டான்

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, நாலு பேர் கம்பு கோத்துத் தூக்காத எதுவும் பாத்திரம் ஆகாது. ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்களுக்கு வாடகைப் பாத்திரக் கடை. கீழே கடை, மேலே வீடு. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, புதுப் படகுக்குப் பூசை, கட்சிக்காரர்களின் பிரியாணி என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் அண்டாவும் தேக்சாவும் எங்கள் கடையிலிருந்துதான் புறப்படும். வீட்டுச் சமையலுக்கு, விளிம்பு நசுங்கி வாடகைக்கு லாயக்கில்லாமல் போன குண்டான்கள். நாலு பேருக்கு ரசம் வைக்கும்போதும் அம்மா அதில் ஏற்றத்தில் தண்ணீர் இறைப்பவள்போல் குனிந்து நிமிர்வாள்.

நைனாவுக்கு (அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) பாத்திர விஷயத்தில் இரண்டு கொள்கைகள் உண்டு. ஒன்று, கனமாக இருந்தால்தான் நல்ல பாத்திரம். இன்னொன்று, பேர் வெட்டாத பாத்திரம் அநாதை. பந்தியில் நாலு கடைப் பாத்திரம் ஒன்றாய்க் கிடக்கும். பேர் இல்லாதது யார் வண்டியிலாவது ஏறிப் போய்விடும். அதனால் புதுப் பாத்திரம் வந்ததும் அதைத் தொடையில் கவிழ்த்து வைத்து, உளியும் சுத்தியுமாக உட்கார்ந்து கடையின் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக அவரே அடிப்பார். அதற்கு மெஷின் வந்து எவ்வளவோ காலமாகியும் அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

கடையின் உள்ளறையில் சில பித்தளைத் தவலைகளும் ஒரு பெரிய அண்டாவும் இருந்தன. அவற்றில் மட்டும் கடை எழுத்துகளுக்கு அடியில் வேறு ஏதோ பேர் மங்கலாகத் தெரியும். ஒரு பேரின் மேல் இன்னொரு பேரை அடித்தால் இரண்டுமே படிக்க வராது. அம்மாவிடம் கேட்டேன். "அது பழைய பேரு. உன் வேலையப் பாரு" என்றாள். எல்லாப் பாத்திரமும் வாடகைக்குப் போய்த் தீர்ந்து, வேறு வழியே இல்லை என்றால்தான் நைனா அவற்றை வெளியே எடுப்பார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான், நான் ஏழாவது படிக்கும்போது, வண்ணாரப்பேட்டைப் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டித் தோண்டி ஊரெல்லாம் புழுதியாக இருந்த காலத்தில், அத்தை தான் மலை ஏறப் போவதாக அறிவித்தாள்.

அத்தை நைனாவின் ஒரே தங்கை. முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தாள். நான் பிறந்த வருஷம் அவளுக்கு ஒரு கல்யாணம் ஏற்பாடாகி, பத்திரிகை அடித்து, சீர்வரிசையும் வாங்கி வைத்த பிறகு நின்றுபோனது என்று மட்டும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. எண்ணூரில் கன்டெய்னர் யார்டு ஒன்றின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. காலையில் பஸ்ஸில் லாரிகளுக்கு நடுவே போய், மாலையில் அதே லாரிகளுக்கு நடுவே திரும்புவாள். அதைத் தாண்டி அவள் எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை.

அலுவலகத்துச் சின்னப் பெண்கள் மூன்று பேர், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள ஒரு மலையில் ஏறி, ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கிவிட்டு வருவதாகத் திட்டம் போட்டிருந்தார்கள். அத்தையும் வருவதாகச் சொன்னதும் அவர்கள் முகத்தில் கொஞ்சம் தயக்கம் தெரிந்திருக்கிறது. உடனே அத்தை, "சமையல் முழுக்க என் பொறுப்பு. எங்க வூடு பாத்திரக் கடை" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண்கள் சரி என்று சொல்லி ஒரு நிபந்தனையும் போட்டார்கள். அடுப்பு, பாத்திரம், எரிபொருள் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்குள் அடங்கவேண்டும். காட்டில் விறகு மூட்டக் கூடாது என்று வனத்துறை உத்தரவாம்.

வயசுப் பெண் தனியாக மலைக்கா என்று நைனா குதிப்பார் என எதிர்பார்த்து அத்தை பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "ஒரு கிலோவா? நம்ம கடையில கரண்டியே ஒரு கிலோவுக்கு மேல கீது" என்றார்.

பிறகு உள்ளே போய்க் கடையிலேயே மிகச் சிறிய பாத்திரம் என்று ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். அதில் முப்பது பேருக்குச் சாம்பார் வைக்கலாம். அதை முதுகில் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கும்படி என்னிடம் சொன்னார். நான் கட்டிக்கொண்டு நடந்து, வாசலில் மல்லாந்தேன். எழுந்திருக்கக் கை கால் உதைத்துக்கொண்டு கிடந்த என்னை அத்தை தூக்கி நிறுத்தி, "பாத்துக்கினியா அண்ணே?" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அத்தை போனில் வெளிநாட்டுக்காரர்களின் வீடியோக்களாகப் பார்த்தாள். பனிமலையில் தாடி வைத்த ஒருவன் டம்ளர் அளவு அடுப்பில் டீ போடுவான். அத்தை அதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள். தோழி ஒருத்தியிடமிருந்து டைட்டானியத்தில் செய்த ஒரு கிண்ணத்தை இரவல் வாங்கி வந்தாள். நைனா அதைக் கடைத் தராசில் வைத்தார். முள் அசையவில்லை. தராசு கெட்டுவிட்டதோ என்று ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அதை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த நாட்டு மருந்துக் கடைக்குப் போய், சுக்கு, திப்பிலி நிறுக்கும் தராசில் வைத்து எடை பார்த்துவிட்டு வந்தார். விலையைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. எங்கள் தொழிலில் பாத்திரத்தை எடை போட்டு வாங்குவார்கள்; கனத்துக்குத்தான் காசு.

"எட கொறைய கொறைய வெல ஏறுதாமே! அப்போ பாத்திரமே இல்லன்னா எவ்ளோ கேப்பானுங்க?" என்றார்.

அத்தை கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மொட்டை மாடியில் அடுப்புச் சோதனை நடந்தது. முதலில், கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டி, சுற்றிலும் ஓட்டை போட்டு அத்தையே செய்த ஸ்பிரிட் அடுப்பு. காற்றைவிடக் கொஞ்சம்தான் கனம். அத்தை தீக்குச்சி கிழித்துப் போட்டாள். வெயிலில் ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது என்பதை அவள் சொல்லி முடிப்பதற்குள் நைனா, "எங்கமே எரியுது?" என்று குனிந்து பார்த்தார். மீசையின் இடது பக்கம் பொசுங்கிய நாற்றம் வந்த பிறகுதான் எரிகிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். மீதி மீசையை அன்று மாலை சலூனில் கொடுத்துவிட்டு வந்தார். நான் அவரை மீசையில்லாமல் பார்த்தது அந்தச் சில வாரங்கள்தான்.

இரண்டாவது, நைனாவின் வேட்பாளர்: பித்தளையில் பம்பு அடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு. அது எரிந்த சத்தத்தில் அடுத்த மாடியில் வடாம் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் படியிறங்கி ஓடினாள். தண்ணீர் சீக்கிரம் கொதித்தது என்னவோ உண்மை. ஆனால் அடுப்பு மட்டுமே இரண்டு கிலோ. தவிர, மண்ணெண்ணெய் நாற்றம் அத்தையின் துணியிலிருந்து போக மூன்று துவையல் ஆயிற்று.

மூன்றாவது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேஸ் பர்னர். மூன்று கால்களையும் மடக்கி வைக்கலாம். கையளவு சிலிண்டரின் தலையில் அதைத் திருகிவிட்டால் அடுப்பு தயார். ஆனால் காசிமேட்டுப் பக்கமிருந்து கடல்காற்று வீச ஆரம்பித்ததும் தீ படுத்துக்கொண்டது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. அத்தையின் முகம் வாடிப்போயிற்று.

நைனா கீழே போனார். காலி எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகட்டோடு வந்து அடுப்பைச் சுற்றி வளைத்தார். சமையல்காரர்கள் பந்தலில் காற்றுக்கு இப்படித்தான் தகரம் வைப்பார்களாம். "முழுசா மூடாதண்ணே, சிலிண்டர் சூடாயி வெடிச்சிடும்" என்று அத்தை கத்தினாள். காற்று வராத பக்கமாகக் கொஞ்சம் திறந்து வைத்தார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அண்ணனும் தங்கையும் ஏதோ கப்பலை இறக்கிவிட்டவர்கள்போல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாத்திரத்தில்தான் கடைசிச் சண்டை. டைட்டானியக் கிண்ணத்தில் சோறு வைத்துப் பார்த்ததில், தீ பட்ட வட்டத்தில் கரியும் அதைச் சுற்றி அரிசியுமாகக் கிடைத்தது. "கஞ்சி வெக்கலாம். சோறு வடிக்க ஆவாது" என்று நைனா தீர்ப்புச் சொன்னார். கடைசியில் அத்தை, அகன்ற அடியும் மூடியும் கொண்ட ஒரு அலுமினியக் குண்டானைத் தன் சம்பளத்தில் வரவழைத்தாள். அடி அகலமானதால் சூடு பரவும், கேஸ் மிச்சமாகும். சிலிண்டரும் பர்னரும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். தகடுபோல, தட்டினால் சத்தம்கூட வராத அளவுக்கு மெலிசு. எல்லாம் சேர்த்து நிறுத்தால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

அப்புறம் அத்தைக்கு எடைப் பைத்தியம் பிடித்தது. பல்துலக்கும் பிரஷ்ஷைப் பாதியாக வெட்டினாள். கரண்டியின் காம்பை அறுத்தாள். குண்டானில் கீறல் விழும் என்று அதைத் துண்டில் சுற்றி, யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தாள். "பொறந்த கொழந்தையக்கூட இவ்ளோ பதனமா வெச்சிக்கமாட்டாங்க" என்றாள் அம்மா.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை. அத்தை வேலையிலிருந்து திரும்பவில்லை. நான் மாடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது கீழே டக் டக் என்று உளிச் சத்தம் கேட்டது. எப்போதும் கேட்கிற சத்தம்தான். திடீரென்று அது நின்றது. நின்றது நின்றதுதான். நான் இறங்கிப் போனேன். நைனா தொடையில் அத்தையின் குண்டானை வைத்துக்கொண்டு, உளியைத் தூக்கிய கை தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார்.

அவர் உளி அறிந்ததெல்லாம் கனத்த பாத்திரம்தான். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே அடித்திருந்த பேரில் அஞ்சாறு புள்ளிகள் ஓட்டையாகி அந்தப் பக்கம் வந்துவிட்டன. அம்மா வந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு, "ஒரு மாசமா பேஜாரு பட்டு வாங்கினாளே, பாவி மனுசா!" என்றாள்.

நைனா கேட்டும் கேட்காத குரலில், "நாலு பேரு போறாங்க. அங்க மாறிப்போச்சின்னா?" என்றார்.

அத்தை வந்தாள். குண்டானைக் கையில் வாங்கினாள். விளக்குக்கு நேரே பிடித்தாள். ஓட்டைகள் வழியாக வெளிச்சம் அவள் கன்னத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. ஒரு கீறலுக்கே ஊரைக் கூட்டுகிறவள் ஆயிற்றே, இனி மலையும் இல்லை, அண்ணன் தங்கை உறவும் இல்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அத்தை அந்தப் பேரை விரலால் தடவிப் பார்த்தாள். கடை எழுத்துகள் இல்லை. அவளுடைய பேர், முழுசாக. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நைனா உளியையும் சுத்தியையும் அடுக்கி வைப்பதில் ரொம்பவும் மும்முரமாக இருந்தார்.

எனக்கு அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அழுவாதீங்க அத்த, சூயிங்கம் வெச்சி அடைச்சிடலாம்" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அத்தை குழாயடிக்குப் போய்க் குண்டானில் தண்ணீர் பிடித்தாள். பேர் வரைக்கும் ஒழுகவில்லை. "பேருக்குக் கீழ வெச்சா போதும்ணே. ரெண்டு தபா ஆக்கிக்கிறேன்" என்றாள். மறுநாள் விடிவதற்கு முன் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சந்து முனை வரை நைனா கூடவே நடந்தார்.

ஞாயிறு மாலை வெயிலில் கறுத்து, ஒரு கால் நொண்டியபடி, இதுவரை நான் கேட்டிராத சத்தமான குரலில் பேசிக்கொண்டே அத்தை திரும்பி வந்தாள். மேலே முகாம் போட்டிருந்த மற்றக் கூட்டங்கள் எல்லாம் நூடுல்ஸ் கொதித்த தண்ணீரை வடிக்கத் தெரியாமல் பாதியைப் புல்லில் கொட்டினார்களாம். அத்தை மூடியை அழுத்திக் குண்டானைச் சாய்த்திருக்கிறாள்; பேர் வழியாகத் தண்ணீர் மட்டும் நூல் நூலாக இறங்கியிருக்கிறது. "மல மேல வடிச்ச சோறு துன்னது நாங்கதான்!" என்றாள். எந்தக் கம்பெனிக் குண்டான், எங்கே கிடைக்கும் என்று விசாரித்துப் போனார்களாம்.

இதைக் கேட்டதிலிருந்து நைனாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அதுக்குன்னே கணக்கு பண்ணித்தான் ஓட்ட போட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் உளியை ஓங்கியபடி உறைந்து உட்கார்ந்திருந்ததை நாங்களும் யாரிடமும் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்துக் காலேஜ் பையன்கள் சிலர் வந்து, அந்த மலைக் குண்டானை இரண்டு நாளைக்கு வாடகைக்குத் தரமுடியுமா என்று கேட்டார்கள். நைனா சட்டென்று, "அது கடைப் பாத்திரம் இல்லப்பா. எங்க தங்கச்சிப் பாப்பாவோட பாத்திரம். வாடகைக்கு வுடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். எதையும் வாடகைக்கு விடுகிற மனிதர், வந்த வாடிக்கையை இப்படித் திருப்பி அனுப்புகிறாரே என்று எனக்குப் புரியவில்லை.

அன்று மாலை உள்ளறையில் அந்தப் பித்தளை அண்டாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். விரல் தானாக அந்தப் பழைய பேரின்மேல் ஊர்ந்தது. மேலே நைனா ஓங்கி அடித்த கடை எழுத்துகள். அடியில் படிக்க வராத அந்தப் புள்ளிகள். அவற்றில் கடைசி எழுத்தின் சுழி மட்டும் மேலெழுத்தில் சிக்காமல் தப்பியிருந்தது. குண்டானில் அத்தையின் பேர் முடிகிற இடத்தில் இருந்த அதே சுழி, அதே வளைவு. எத்தனை வருஷமானாலும் நைனாவின் கையெழுத்து மாறவேயில்லை என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு, அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும் எழுந்து ஓடினேன்.