மச்சானுக்குத் தைத்த கிளிப்பச்சைச் சட்டை

கலையக்காவைப் பற்றி நடுநிலையாக எழுத எனக்கு வராது. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் காம்ப்ளக்ஸில் என் ஜெராக்ஸ் கடைக்கும் அவருடைய தையல் கடைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் போனில் பேசினால் அவருக்குக் கேட்கும். அப்படிப் பக்கத்தில் இருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். அடைக்கலமேரி ஒருபக்கமாகப் பேசுகிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

கலைமதி என்பது முழுப்பெயர். நிற விஷயத்தில் அந்த அம்மாவுக்கு இரக்கமே கிடையாது. ஆரஞ்சுப் புடவைக்குப் பச்சை ஜாக்கெட் துணி எடுத்துக்கொண்டு வந்தவரிடம், "இதக் கட்டிக்கிட்டு ரோட்டுல போனா மாடு முட்டும், பரவாயில்லையா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார். நூல்கண்டு துணியைவிட ஒரு இழை வெளுத்திருந்தாலும் அந்தத் துணியைத் தொடமாட்டார். வாய்க்குப் பயந்து போனவர்கள் உண்டு. தையலுக்காகத் திரும்பி வந்தவர்கள்தான் அதிகம்.

அவருடைய கணவர் ரகுநாத் கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். நெஞ்சுவலி வந்து அங்கேயே போய்விட்டார். பெட்டியில்தான் ஊருக்கு வந்தார். காரியம் எல்லாம் முடிந்து கடை திறந்த அன்று அக்கா ஒரு மாம்பழ மஞ்சள் புடவையில் வந்து உட்கார்ந்தார். நான் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு, "அவரு போனதுக்கு நான் எதுக்குத் துணியைத் தண்டிக்கணும்?" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. அன்றாடம் கலர் கலராகத்தான் வந்தார்.

அதை நிறுத்தியவர் நாகராசு. ரகுநாத்தின் அண்ணன், அதாவது அக்காவுக்கு மூத்த மச்சான். மணமேல்குடி போகிற வழியில் இருக்கும் அவர்கள் ஊரில் எந்தக் கமிட்டி போட்டாலும் அவர்தான் தலைவர். முறுக்கி மேலே ஏற்றிய மீசை, முன்னால் நடக்கும் தொப்பை, கையில் எப்போதும் ஒரு மைக். மைக் இல்லாத நேரத்திலும் மைக் இருப்பது போலவே பேசுவார். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

அக்காவின் மகள் ரம்யாவுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. ஊர் மண்டபத்தில் நல்ல கூட்டம். ரகுநாத் கடைசியாக லீவில் வந்தபோது எடுத்துக் கொடுத்த மயில்கழுத்து நிறப் பட்டை அக்கா கட்டியிருந்தார். தட்டு மாற்றுகிற நேரம். மகள் பக்கத்தில் அக்கா போய் நின்றார். நாகராசு மைக்கில் சொன்னார்:

"கலை, நீ கொஞ்சம் அங்கிட்டுப் போ. புருசனைப் பறிகொடுத்தவுக கலரு கட்டிக்கிட்டு மேடையில நிக்கிறது நம்ம வழக்கம் இல்ல. சின்னப்பிள்ளை, நீ வந்து அம்மா ஸ்தானத்துல நில்லு."

சின்னப்பிள்ளை அவருடைய மனைவி. தயங்கித் தயங்கித்தான் ஏறினார், ஆனால் ஏறினார். முந்நூறு நானூறு பேர் இருந்த மண்டபத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அக்கா மேடையிலிருந்து இறங்கிச் சமையல் கட்டுக்குப் போனார். சாம்பார் அண்டா பக்கத்தில் நின்று, ஜன்னல் வழியாகத்தான் மகளின் நிச்சயத்தைப் பார்த்தார். ரம்யா மேடையில் தலையைத் திருப்பித் திருப்பித் தேடியதை நான் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அக்கா சாம்பல் நிறப் புடவைக்கு மாறினார். அடங்கிவிட்டார் என்று ஊர் நினைத்தது. எனக்குத் தெரியும், அது அடக்கம் இல்லை. ஒருநாள் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "மேரி, கல்யாணம் தையில. அன்னைக்கும் சின்னப்பிள்ளைதான் மேடையில நிப்பாளாம். மச்சான் இப்பவே சொல்லிட்டாரு. நான் பெத்த பிள்ளைக்கு நான் அண்டாப் பக்கம் நின்னு அட்சதை போடணுமாம்." குரல் நடுங்கவில்லை. மெஷினை மட்டும் வெறும் மிதியாக மிதித்துக்கொண்டிருந்தார், துணி இல்லாமல்.

இந்த நிலையில்தான் ஊர்க் காளி கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. திருப்பணிக் கமிட்டித் தலைவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவரே கடைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கருவறைக்கு ஒரு திரை தைத்துத் தரச் சொன்னார். "புண்ணியமாப் போகும்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

"எனக்கும் ஒரு செட்டு துணி தைக்கணும். சொந்தத்துல தையக்கடை இருக்கையில வெளிய குடுத்தா நாலு பேரு என்ன நினைப்பாங்க? கலரு எல்லாம் ஓன் இஷ்டம். கும்பாபிஷேகத்தன்னைக்குக் கூட்டத்துல நான் தனியாத் தெரியணும்."

மகள் நிச்சயத்தில் மேடையை விட்டு இறக்கியவளிடமே வந்து கலர் உன் இஷ்டம் என்கிறார். மறந்துபோய்ச் சொன்னாரா, மறக்கவில்லை என்று காட்டச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அக்கா டேப்பை எடுத்து அளவெடுத்தார். "தனியாத் தெரியற மாதிரியே தச்சுருவோம் மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

திரைக்கு அளவெடுக்கக் கோயிலுக்குப் போனபோது நானும் துணைக்குப் போனேன். வாசல் மண்டபத்து முகப்பில் புதிதாகச் சுதைச் சிலை வைத்து, கும்பாபிஷேகத்தன்று திறப்பதற்காகப் பச்சை வலையால் மூடியிருந்தார்கள். விராலிமலையிலிருந்து வந்த நிலவழகன் என்ற பெயிண்டர் சாரத்தில் உட்கார்ந்து உள்ளே வேலை செய்துகொண்டிருந்தார். அக்கா வலையை ஒதுக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

மேலே காளி, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு. அவள் காலடியில் மல்லாந்து கிடந்தான் ஒரு அசுரன். நல்ல தொப்பை. மேலே முறுக்கிய மீசை. உடம்பில் கிளிப்பச்சைச் சட்டை, அதன்மேல் ராணி பிங்க்கில் கையில்லாத ஒரு கோட்டு, கோட்டு ஓரமெல்லாம் மஞ்சள். இடுப்பில் கத்தரிப்பூ நிறத்தில் பட்டைக்கரை போட்ட வேட்டி. தலையில் சிவப்புத் துணியைச் சுற்றியிருந்தான். ஈரம் காயாத பெயிண்டில் எல்லா நிறமும் மின்னியது.

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அக்கா சிரித்தார். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

"என்னங்க, அசுரனுக்கு இம்புட்டு அலங்காரம்?" என்று பெயிண்டரிடம் கேட்டார்.

"சாமிக்கு ஒரே செவப்புதாங்க. கலர் போட்டு விளையாடுறதுன்னா அசுரன்கிட்டதான் விளையாட முடியும்" என்றார் நிலவழகன். "ஆளும் பார்க்க ஜம்முனு இருக்கணும்ல, மிதிபடுறவன் சோப்ளாங்கியா இருந்தா ஆத்தாவுக்கு என்ன பெருமை? தலைவருகூட இன்னும் பார்க்கலங்க, தெறப்பன்னைக்குத்தான் பார்ப்பேன்னுட்டாரு."

அக்கா போனை எடுத்து மூன்று நான்கு படம் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்ததும் என் கடையில் கலர் பிரிண்ட் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். "இது கிளிப்பச்சை இல்ல, கீரைப்பச்சை. இன்னும் எடுப்பா வேணும்" என்று திருப்பிக் கொடுத்தார். திரும்பத் திரும்பப் போட்டு ஒருவழியாகத் திருப்தியானார். அப்போதுதான் அவர் செய்யப் போவது எனக்கு முழுதாகப் புரிந்தது.

"அக்கா, வேணாம். தையில கல்யாணத்த வச்சுக்கிட்டு இதெல்லாம் எதுக்கு? பெரியப்பன் மூஞ்சியத் தூக்கிட்டுப் போனா சொந்தம் பூராவும் பின்னாடியே போயிரும்."

"போகட்டும். இருந்து மட்டும் என்ன செஞ்சாக? நான் எறங்கிப் போறதப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாக." என்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

மறுநாள் இருவரும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். கீழராஜவீதியில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அக்கா பிரிண்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, துணியை வெயிலில் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்தார். கிளிப்பச்சைப் பட்டு சீக்கிரம் கிடைத்தது. ராணி பிங்க்தான் அலைய வைத்தது. ஒரு கடையில் காட்டியது கொஞ்சம் மட்டமான பிங்க். "இருக்கட்டும்க்கா, யாரு போயி பக்கத்துல வச்சுப் பார்க்கப் போறா?" என்றேன். "ஊரே பார்க்கும் மேரி" என்றார். கத்தரிப்பூக் கரை வேட்டி எங்கேயும் இல்லை. வெள்ளை வேட்டி வாங்கி, கரையைத் தனியாகத் தைத்து ஒட்டினார். இவ்வளவு பொறுமையாக அவர் கல்யாணப் பெண்ணுக்குக்கூடத் தைத்து நான் பார்த்ததில்லை. பழிக்கு இவ்வளவு நேர்த்தி வேண்டுமா என்று தோன்றியது. ஆனால் தையலைப் பார்க்கப் பார்க்க எனக்கும் கை பரபரத்தது. கோட்டுக்குப் பட்டன் நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன்.

"தலைத்துணி மட்டும் நம்ம கையில இல்ல" என்று அக்கா ஒரு குறையோடு சொன்னார். "தலப்பா கட்டுங்கன்னு சொன்னா சந்தேகம் வந்துரும்."

நாகராசு வந்து போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினார். "கொஞ்சம் தூக்கலா இருக்கோ?" என்று கேட்டார். "கூட்டத்துல தனியாத் தெரியணும்னு சொன்னீங்கள்ல" என்றார் அக்கா. அதோடு சரி. மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு போனார்.

கும்பாபிஷேகத்தன்று கோயில் வாசலில் எள் விழ இடமில்லை. அக்கா சாம்பல் புடவையில் என்னோடு கூட்டத்தின் முன்பக்கம் நின்றார். கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்ததும் நாகராசு வாசல் மண்டபத்துப் படியில் ஏறினார். அங்கே நின்றபடிதான் முதல் மரியாதை வாங்க வேண்டும். பச்சையும் பிங்க்கும் வெயிலில் கண்ணைப் பறித்தன. பூசாரி வந்து மாலை போட்டார். பிறகு பரிவட்டத்தை எடுத்தார். கோயில் மரியாதையாகத் தலையில் கட்டுகிற பட்டுத்துணி அது. காளி கோயில் இல்லையா, சிவப்புப் பட்டு. நாகராசு பணிவாகத் தலையைக் குனிந்து கட்டிக்கொண்டார்.

அக்கா என் கையைப் பிடித்து நெரித்தார். நாங்கள் விட்ட குறையைக் கோயிலே தீர்த்துவிட்டது.

நாகராசு மைக்கில் நன்கொடையாளர் பெயரெல்லாம் வாசித்துவிட்டு, "இப்ப ஆத்தாளோட சுதை ரூபத்த எல்லாரும் தரிசிக்கலாம்" என்றார். மேலே இருந்த ஆள் கயிற்றை அவிழ்த்தான். வலை சரிந்தது. ஜனம் கையெடுத்துக் கும்பிட்டது. கும்பிட்ட கை அப்படியே நின்றது. காளியைப் பார்த்த கண் அசுரனுக்கு இறங்கியது. அசுரனுக்கு நேர் கீழே தலைவர் நின்றார். பச்சை, பிங்க், மஞ்சள், கத்தரிப்பூ, சிவப்பு, தொப்பை, மீசை.

"ஆத்தி, நம்ம தலைவரையில்ல போட்டு மிதிச்சிருக்கா" என்று ஒரு பாட்டி பக்தியோடு சொன்னார். அவ்வளவுதான். சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பி வாசல் முழுக்கப் பரவியது. பூசாரியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எதுக்குச் சிரிக்கிறீங்க? யாரு சிரிக்கிறது?" என்று நாகராசு மைக்கில் அதட்ட அதட்டச் சிரிப்பு கூடியது. கடைசியில் அண்ணாந்து பார்த்தார். முகம் செத்துப்போனது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

பெரியவர்கள் நாலைந்து பேர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். துணி யார் தைத்தது என்று ஊருக்கே தெரியும். அப்போது சின்னப்பிள்ளை முன்னால் வந்தார். "பாவம், அவள ஒண்ணும் சொல்லாதீங்க. புருசன் இல்லாத பொம்பளை, என்னமோ நினைப்புல கைக்குக் கிடைச்ச துணிய எடுத்துத் தச்சிருப்பா. கலரு பொருத்தம் தெரியாமப் போச்சு."

நாகராசுவும் அதைப் பிடித்துக்கொண்டார். "ஆமா, தெரியாமத்தான் செஞ்சிருப்பா. விட்டுருங்க" என்றார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் அதுதான் சௌகரியம். ஆமாம், தெரியாமல் செய்துவிட்டேன் என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் மதியச் சாப்பாட்டோடு எல்லாம் மறந்துபோகும். "சொல்லிருங்கக்கா" என்று காதில் சொன்னேன்.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நிச்சயதார்த்தத்தில் இறக்கிவிட்டபோதுகூட அந்த முகம் அப்படிச் சிவக்கவில்லை. கலைமதிக்குக் கலர் பொருத்தம் தெரியாதாம். அவர் என் கையை உதறிவிட்டுப் படியேறினார். நாகராசு கையிலிருந்த மைக்கை, கொடுப்பாரா மாட்டாரா என்று பார்க்காமல், வாங்கிக்கொண்டார்.

"தெரியாம இல்லிங்க, தெரிஞ்சுதான் தச்சேன். போட்டோ பிடிச்சு, புதுக்கோட்டை போயி, ஒவ்வொரு கலரா ஒத்துப் பார்த்து எடுத்தேன். நான் கலரு கட்டக் கூடாதுன்னு எங்க மச்சான் மைக்குல சொன்னாரு. சரின்னு எனக்கு வேண்டிய கலரையெல்லாம் அவருக்கே தச்சுக் குடுத்துட்டேன்."

நாகராசு கோட்டுப் பட்டனைக் கழற்றப் போன கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"தையில எம்மக ரம்யாவுக்குக் கல்யாணம். எல்லாரும் குடும்பத்தோட வாங்க. மேடையில அம்மா ஸ்தானத்துல அவ அம்மாதான் நிப்பா." மைக்கைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தார். வைத்துவிட்டுச் சொன்ன கடைசி வார்த்தையும் மைக்கில் விழுந்தது, ஊருக்கே கேட்டது.

"நீங்களும் அவசியம் வரணும் மச்சான். இதே சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க."