வரிசை அண்ணன் வெட்டிய வரி

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு வரிசை அண்ணன் என்றுதான் பெயர். கரன்ட் போய் வந்தால் கம்ப்யூட்டரில் ஓடும் முப்பத்தெட்டு புரோகிராம்களையும் எதற்குப் பின் எது என்று பார்த்துக் கிளப்ப வேண்டும். முதலில் வர வேண்டியது, அடுத்து வர வேண்டியது என்று ஒரு வரிக்கு இரண்டு பெயராகத் தட்டி, ‘டீசார்ட்’ என்று வரிசைப்படுத்தும் கட்டளை கொடுப்பார். கறுப்புத் திரையில் முழு வரிசையும் வந்து விழும். பதினாறு வருடமாக இதே பிழைப்பு. தங்குவது இங்கே ஓர் அறையில், மனைவி இருப்பது ஊரில். மாதம் ஒருமுறை போய் வருவார்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். மூன்று தேதி வாங்கி, இவருக்கு லீவு கிடைக்காமல் மூன்றும் தள்ளிப்போயின. நாலாவது தேதி வரும் திங்கள். நேற்று சலித்துப்போய் அதையே திரையில் தட்டினார். ஆபரேஷனுக்கு முன் லீவு. லீவுக்கு முன் மாற்று ஆள். மாற்று ஆளுக்கு முன் பயிற்சி. பயிற்சி தர நேரம் கிடைக்க, புது சிஸ்டம் போடும் வேலை முடிய வேண்டும். அதை முடிக்க மாற்று ஆள் வேண்டும்.

வட்டம் இருக்கிறது, வரிசைப்படுத்த முடியாது என்றது மெஷின்.

“பாத்தியாம்மா, இதுக்கே தலை சுத்துது” என்றார்.

பதினோரு வருடமாகப் பக்கத்து நாற்காலியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னை ஓர் ஆளாகவே அவர் எண்ணவில்லை. எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“பயிற்சிங்கிற வரிய வெட்டுங்கண்ணே. நான் பாத்துக்கறேன்.”

“நீயா? விளங்கும்!” என்றார். ஆனாலும் இன்று காலை வெட்டினார். மேனேஜரும் முணுமுணுத்துக்கொண்டே லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டார்.

உடனே ஊருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அக்கா குரல் கேட்டது.

“தேதிய முன்னாடியே மாத்தி வாங்கிட்டேன், ஆபரேஷன் முடிஞ்சு ஆறு நாளாச்சுங்க. தங்கச்சி கூட இருந்தா. வாசல் வரைக்கும் நடக்கிறேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?”

“சொன்னா, நான் வர்றேன் இருன்னுவீங்க. எத்தனை தடவைதான் இருக்கிறது?”

போனை வைத்தவர், திரையில் ‘லீவு, ஆபரேஷன்’ என்ற வரியைத் தேடி அழித்தார். கண் கலங்கியிருந்தது. “அப்ப இந்த லீவு எதுக்கும்மா? கேன்சல் பண்ணிடட்டுமா?” என்றார்.

ஆத்திரத்தில் அவர் பையை எடுத்து அவர் கையிலேயே திணித்தேன்.

“முதல்ல பஸ் ஏறுங்கண்ணே. அக்கா எப்படி நடக்கிறாங்கன்னு போய்ப் பாருங்க.”