வராத தண்ணீருக்கு வரவழைத்த படம்

டிவிக்குச் செய்தி அனுப்பும் வெளியூர் நிருபர் வேலை இருக்கிறதே, செய்தி நன்றாக வந்தால் வாசிக்கிறவருக்குப் பேர், சொதப்பினால் பாசாரில், அதான் சந்தையில், மீன் வாங்கப் போன இடத்தில் நமக்கு ஏச்சு. கேமராவும் காருமாக அலையும் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா?

தொண்டை கட்டிய வாரம்

யான் என்ற ஊரின் வயல்களில் எலித் தொல்லை பற்றி ஒரு செய்தி. எனக்கோ தொண்டை கட்டிக்கொண்டது. ஏஐ-யை விட்டுக் குரல் கொடுத்து அனுப்பினேன். கம்ப்யூட்டர் குரல் என்று நானும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

சாப்பிட்டுக்கொண்டே செய்தி பார்த்த என் மனைவி சொன்னாள்: "யாருங்க இது, நல்லா பேசுறாரே? இனி இவரையே பேசச் சொல்லுங்க."

மழையில் ஒரு சோம்பல்

சுங்கை லாலாங் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் குழாயில் தண்ணீர் வரவில்லை. கையுறை பேக்டரியில் வேலை செய்யும் ராணி அக்கா போன் செய்தார். வேலை முடிந்து வந்தால் குளிக்கத் தண்ணீர் இல்லையாம், பிள்ளைகள் மூஞ்சி கழுவாமல் பள்ளிக்குப் போகிறார்களாம். வெளியே நல்ல மழை. எனக்குக் கிளம்ப மனசு வரவில்லை. போனிலேயே பேட்டி எடுத்து, படத்தை ஏஐ-யிடம் கேட்டேன்.

அது இடுப்பில் பித்தளைக் குடத்தோடு வரிசையாகப் பெண்களை நிறுத்தியது. நம் தாமானில் எவர் ஐயா குடம் தூக்குகிறார்? தோங்கு என்கிற பிளாஸ்டிக் பீப்பாயும் பெயிண்டு வாளியும்தான். எனக்கு அது உறைக்கவே இல்லை. அழகாக இருக்கிறதே என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் குடத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்ட தண்ணீர் இலாகா அதிகாரி, படம் பொய் என்றால் புகாரும் பொய்தான் என்று அனுப்ப இருந்த லாரியையும் நிறுத்திவிட்டார்.

ராணி அக்கா கத்தவில்லை. "குழாயில தண்ணி வரலன்னுதான் உங்கள கூப்பிட்டேன் தம்பி. இப்ப லாரியும் வரல லா."

வாளியும் நானும்

வெட்கத்தோடு காரை எடுத்தேன். தாமானில் யாரும் கேமரா முன்னால் வரத் தயாராயில்லை, இதையும் கம்ப்யூட்டர் என்பார்களாம். ராணி அக்கா காலி வாளியை என் கையில் கொடுத்து, காய்ந்த குழாயடியில் என்னையே நிறுத்தினார். நேற்றைய படம் என் சோம்பேறித்தனம், இந்தக் குழாய் நிஜம் என்று சொன்னேன். நிலையத்தின் மானம் போகும் என்று எடிட்டர் தயங்கினார். இந்தச் செய்தி போகாவிட்டால் அங்கே தண்ணீர் போகாது, வேண்டுமானால் என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுங்கள் என்றேன். ஒளிபரப்பினார்.

அடுத்த நாள் லாரி வந்தது. தோங்குகள் நிறைவதைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, டிவியில பொய் சொன்ன ஆளு நீங்கதானே?"

இத்தனை வருஷம் செய்தி அனுப்பியும் டிவியில் ஒருநாளும் வராத என் மூஞ்சி இப்போது எங்கள் சுங்கை பட்டாணி முழுக்கத் தெரியும், அதை மட்டும் ஏஐ என்று ஒருவரும் சந்தேகப்படவில்லை.