நாற்பத்தேழின் புதன்கிழமைகள்

அலுவலகத்தில் அவளை ரப்பரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டப்பெயரில் கொஞ்சம் கேலி இருந்தாலும் பொய் இல்லை. அவள் பார்த்த வேலையே அழிப்பதுதான்.

பள்ளிப் பிள்ளைகள் தினமும் எப்படிப் போய் வருகிறார்கள் என்று ஆராயும் அலுவலகம் அது. எந்த பஸ், எந்தக் குறுக்கு வழி, எந்தச் சந்திப்பில் சாலையைக் கடக்கப் பயப்படுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தால், நிறுத்தங்களையும் நடைபாதைகளையும் எங்கே போடலாம் என்று சொல்ல முடியும். அதற்காக அறுபது பிள்ளைகள் தங்கள் போனில் ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டார்கள். அந்த ஆப் ஆறு வாரம், அவர்கள் போன இடமெல்லாம் கூடவே போய்ப் பாதையைக் குறித்துக்கொண்டது.

குறித்துக்கொண்டதெல்லாம் ரப்பரக்காவின் மேசைக்கு வரும். அவள் பெயரை எடுத்துவிட்டு எண்ணைப் போடுவாள். எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் இரும்பு அலமாரிக்குள் இருந்தது. அதன் சாவி அவள் கைப்பையில் இருந்தது. பிறகு வால் வெட்டுவாள். வரைபடத்தில் ஒவ்வொரு பிள்ளையின் கோடும் வீட்டு வாசலில்தான் தொடங்கும், வீட்டு வாசலில்தான் முடியும். வீட்டைச் சுற்றி முன்னூறு மீட்டருக்குக் கோட்டை அழித்துவிட்டால், யார் வீட்டிலிருந்து வருகிறது என்று தெரியாது. அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் வால் வெட்டுதல். வரைபடம் போடும் இளைஞன், அவனை எல்லோரும் மேப்பு என்பார்கள், தினமும் காலையில் கேட்பான்.

"அக்கா, இன்னிக்கு எத்தனை வால்?"

"ஒன்பது. பத்தாவது உன்னோடது. ரொம்ப நீளமா இருக்கு, அதான் யோசிக்கிறேன்."

இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு பன்னிரண்டு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தாள். பெயர், வயது, நோய். சேர்ந்த புதிதில் ஒருநாள் கடைத்தெருவில் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்து, "இப்ப எப்படி இருக்கு? மாத்திரை ஒத்துக்குதா?" என்று கேட்டுவிட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். அந்தப் பெண் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தது, பக்கத்தில் நின்றிருந்த மாமியாருக்குத் தெரியாது. அதன்பிறகு அந்த வீட்டுக் கதவு ரப்பரக்காவுக்குத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொண்டாள். எழுதுவாள், படிக்கமாட்டாள். கண் எழுத்தைத் தொடும், மனம் தொடாது. பிறர் விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் அவர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதை என்று நம்பினாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவள் கணவன் சொல்வான்: "ஊருக்கெல்லாம் கண்ணு தெரிய வைக்கிறேன். நீ கண்ணத் திறந்து வச்சுக்கிட்டே பாக்காம இருக்கியே, அதுக்கு எங்கிட்ட லென்ஸ் இல்ல."

அவள் சிரிப்பாள். உள்ளுக்குள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாள்.

ஆப்பைப் போட்டுக்கொடுக்கப் பள்ளிக்குப் போன அன்று ஒரு நீள மேசை போட்டு உட்கார்ந்தாள். சம்மதப் படிவத்தில் பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும், பெற்றவரும் போட வேண்டும். வரிசை கதவுக்கு வெளியே வரைக்கும் நின்றது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி படிவத்தை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். வரிசையில் அவள் நாற்பத்தேழாவது. பட்டியலிலும் அதுவே அவள் எண்ணாயிற்று.

"மேடம், இது நான் எங்க போறேன்னு காட்டுமா?"

"காட்டும். ஆனா போறது நீதான்னு காட்டாது. நான் வால வெட்டிடுவேன்."

"எனக்கு வால் வேற இருக்கா?" என்று சிரித்தாள் பெண். பின்னால் நின்ற தோழி, "உனக்குத்தான் ரெண்டு இருக்கே" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். பிறகு பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நான் எங்க போனாலும் எங்க அப்பாவுக்குத் தெரியாதுல்ல?"

ரப்பரக்கா நிமிர்ந்து பார்த்தாள். வரிசையில் இன்னும் பதின்மூன்று பேர் இருந்தார்கள். "யாருக்கும் தெரியாதும்மா. அதுக்குத்தானே நான் இருக்கேன்."

அந்த அப்பா மறுநாள் வந்து கையெழுத்துப் போட்டார். தெருக்களில் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலைக்கு மேற்பார்வையாளர். ஒல்லியான, பேச்சைக் குறைத்த மனிதர். படிவத்தை மூன்று தடவை படித்தார். "எங்க வீடு எங்க இருக்குன்னு வெளிய தெரியக் கூடாது. பொண்ணு வளர்ந்துட்டா. வீட்ல நாங்க ரெண்டு பேர்தான்" என்றார். தெரியாது என்று அவரிடமும் சொன்னாள். இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. இரண்டில் ஒன்றை மட்டுமே காப்பாற்றப் போகிறாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கோடுகள் வந்தன. நாற்பத்தேழின் கோட்டை அவள் ஒரு முற்பகலில் எடுத்தாள். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி நாட்களில் பள்ளியிலிருந்து நேரே வீடு. புதன்கிழமை மட்டும் கோடு எதிர்ப்பக்கம் போயிற்று. நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டித் தெருவில் ஐம்பது நிமிடம் நின்று, பிறகு திரும்பி வந்தது. ஆறு புதனும் அப்படியே. ஏன் என்று ஒரு கேள்வி எழும்பியது. எழும்பிய வேகத்திலேயே அதன் தலையில் தட்டி உட்கார வைத்தாள். தனக்கு எதற்கு? படிவத்தில் வீட்டு முகவரிக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. அந்த வரியில் இருந்த வீட்டைச் சுற்றி முன்னூறு மீட்டரை அழித்தாள். மற்ற இடங்களை அழிக்கக் கூடாது. பிள்ளைகள் எங்கெங்கே போகிறார்கள் என்பதுதானே ஆராய்ச்சி. கோப்பை மூடிவிட்டு நாற்பத்தெட்டை எடுத்தாள்.

முடிவுகளைப் பெற்றோருக்குக் காட்ட வேண்டும் என்று, ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர் விரும்பினார். பள்ளிக்கூட மண்டபத்தில், சுவர் அகலத்துக்கு வரைபடம் ஒன்றை அச்சடித்து மாட்டினார்கள். கிழமைக்கு ஒரு நிறம். புதன் பச்சை. அதிக நேரம் நின்ற இடங்களில் புள்ளி, பக்கத்தில் எத்தனை நிமிடம் என்று சிறிய எழுத்தில். எத்தனை தடவை போனார்களோ அத்தனை தடிமன் கோட்டுக்கு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேப்பு நாலு பேரிடம் பாராட்டு வாங்கிக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தான்.

பெற்றோர் கூட்டம் கலைந்த பிறகும் ஒருவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். குழாய் மேற்பார்வையாளர். மற்றவர்கள் வரைபடத்தை ஓவியம் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் அதைப் படித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக அவர் படிப்பது தெரு வரைபடங்களைத்தானே.

"இந்தத் தெருவுக்குப் போற பச்சைக் கோடு யாரோடதுங்க?"

"அது சொல்லக் கூடாதுங்க சார். எனக்கே ஞாபகம் இல்ல."

"சொல்ல வேண்டாம். சும்மா கேட்டேன்." விரலைச் சுவரில் படாமல் வைத்து, கோட்டோடு நகர்த்தினார். "இந்தத் தெருவுல இருக்கறதே நாலு வீடு. குழாய் போட்டது நான்தான். ரெண்டு வீடு பூட்டிக் கிடக்கு. ஒண்ணுல வயசானவர் ஒருத்தர்." விரல் புள்ளிக்கு மேலே நின்றது. "நாலாவது வீட்ல என் சம்சாரம் இருக்கா. சம்சாரமா இருந்தவ. மூணு வருஷமாச்சு பிரிஞ்சு."

ரப்பரக்காவின் கை தானாக எழுந்தது. ஏன் எழுந்தது என்று பிற்பாடு எத்தனையோ முறை கேட்டுக்கொண்டாள். உள்ளங்கை அந்தப் புள்ளியைப் போய் மூடிற்று, சூடான பாத்திரத்திலிருந்து குழந்தையின் கையைத் தடுப்பதுபோல.

அவர் அதன்பிறகு வரைபடத்தைப் பார்க்கவில்லை. அவள் கையையே பார்த்தார்.

"புதன்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்னு சொன்னா," என்றார் மெதுவாக. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும். "எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா விட்டிருப்பேனான்னு எனக்கே தெரியல. ஆனா கேட்டிருக்கலாம்." சட்டைப்பையில் கண்ணாடியை மடித்து வைத்துக்கொண்டார். "நீங்க எதுவும் சொல்லலம்மா. நீங்க சொன்னதா நான் எங்கயும் சொல்ல மாட்டேன்."

அவர் போன பிறகும் அவளுக்குச் சுவரிலிருந்து கையை எடுக்கத் தோன்றவில்லை.

நடந்ததைச் சொன்னபோது பேராசிரியர் பதறவில்லை. "பேர் இருந்ததா?"

"இல்ல சார்."

"நம்பர்?"

"இல்ல."

"வீடு?"

"அவங்க அப்பா வீடு படத்துல இல்ல."

"அப்புறம் என்ன? விதிப்படி எல்லாம் சரியா இருக்கே."

"அந்தப் பிள்ளைக்கு வீடு ரெண்டு சார். நம்ம படிவத்துல ஒண்ணுக்குத்தான் இடம் இருந்துச்சு."

பேராசிரியர் கெட்ட மனிதர் இல்லை. வரைபடத்தைக் கழற்றச் சொன்னார். மேப்பு அதைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்தான். அன்றைக்கு அவன் யாருடைய வாலையும் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த வாரம், புதன்கிழமை சாயங்காலம், நாற்பத்தேழு அலுவலகத்துக்கு வந்தாள். பள்ளிச் சீருடை, தோளில் பை. ஜன்னல் வழியே பார்த்தால் கீழே அவள் அப்பா பைக்கை நிறுத்திவிட்டு, அதில் சாய்ந்தபடி நிற்பது தெரிந்தது.

"எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம், காரணம் சொல்ல வேண்டாம்னு படிவத்துல போட்டிருந்துச்சு."

"ஆமாம்மா. உக்காரு."

"நிக்கறேன்."

ரப்பரக்கா அலமாரியைத் திறந்தாள். விலகல் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். பெண் மேசைமேல் குனிந்து எழுதினாள். கையெழுத்து திருத்தமாக இருந்தது. அவ்வளவு திருத்தமாக எழுதும் பிள்ளையிடம் என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்கப் பல சொற்களைக் கொண்டுவந்து பார்த்தாள். எல்லாமே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் சொற்களாகத்தான் வந்தன.

"நான் உனக்கு வாக்குக் கொடுத்தேன்," என்றாள் கடைசியில். "காப்பாத்தல."

"தோழிங்ககிட்டகூட நான் சொன்னதில்ல," என்றாள் பெண், படிவத்தைப் பார்த்தபடி. "போன் இப்ப அப்பாகிட்ட இருக்கு. தினமும் அவரே கூட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போறார். பதினெட்டு முடியட்டும், அப்புறம் உன் இஷ்டம்ங்கறார். திட்டல. திட்டியிருந்தா சண்டை போட்டிருப்பேன். சாப்பிடாம உக்காந்திருக்கார், அவர்கிட்ட என்ன சண்டை போடறது?"

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? வருவேன்னு பாத்துக்கிட்டு இருப்பாங்க. எனக்குப் பிடிக்காம நின்னுட்டேன்னு நினைப்பாங்க." பேனா நின்றது.

ரப்பரக்கா யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "நான் வேணா போய்ச் சொல்லட்டுமா? நீ வராததுக்கு நீ காரணம் இல்லன்னு? வீடு எனக்குத் தெரியும். நீரேற்று நிலையத்துக்குப் பின்னால, கடைசி வீடு."

பெண் நிமிர்ந்தாள்.

அந்த முகத்தை ரப்பரக்கா முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறாள். பல வருடத்துக்கு முன்னால், கடைத்தெருவில், மாமியாருக்குப் பக்கத்தில் நின்ற முகம். அதே வெளிறல். இந்தத் தடவையும் அன்பாகத்தான் சொன்னாள்.

"உங்களுக்கும் தெரியும்," என்றாள் பெண். கேள்வியாகக் கேட்கவில்லை. படிவத்தைத் தள்ளினாள். "வேண்டாம். இதுக்கு மேல நீங்க எதுவும் செய்யாம இருந்தா போதும்."

ஜன்னலுக்குக் கீழே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. ரப்பரக்கா உட்கார்ந்து நாற்பத்தேழின் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். ஒரே தட்டலில் எல்லாவற்றையும் அழிக்க வழி இருந்தது. அப்படிச் செய்ய மனம் வரவில்லை. ஒவ்வொரு கோட்டையும் இந்தத் தடவை பார்த்தாள். ஒரு புதன்கிழமை பஸ் தாமதமாகியிருக்கிறது. அன்று அந்தப் பெண் கடைசி அரைக் கிலோமீட்டரை ஓடியிருக்கிறாள், வேகத்தில் தெரிந்தது. முதல் தடவையே இப்படிப் பார்த்திருந்தால், எங்கே காவல் வேண்டும் என்று தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு காவல் நின்றவள் தான் என்று தோன்றிற்று. அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துப் பன்னிரண்டு வருடமும் அதற்கு மேலும் நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு படிவம் மாறியது. பிள்ளை பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கும் எந்த இடத்தையும் வீடாகவே கருதி அழிக்க வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். ஆராய்ச்சிக்குப் பாதி உபயோகம் போய்விடும் என்று மேப்பு முனகினான். பேராசிரியர் ஒப்புக்கொண்டார். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டபோது, "அனுபவத்துல வந்தது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அலமாரிப் பக்கம் போய்விட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை அவள் தங்கை வீட்டுக்குப் போக பஸ் ஏறினாள். அந்த பஸ் நீரேற்று நிலையம் வழியாகப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். வேறு பஸ்ஸும் இருந்தது. ஏன் இதில் ஏறினாள் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நிறுத்தத்தில் ஒரு பெண்மணி நின்றிருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல இல்லை. கையில் பை இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. கதவு திறந்தது. நாலு பேர் இறங்கினார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசி ஆளும் இறங்கிய பிறகு, இன்னும் யாராவது உண்டா என்று படிக்கட்டுக்கு உள்ளே பார்த்தாள்.

படிக்கட்டுக்கு அடுத்த இருக்கையில்தான் ரப்பரக்கா உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் இரண்டு எட்டு. உங்கள் மகள் பஸ் தாமதமானால்கூட ஓடிவந்தவள், அவளாக வருவதை நிறுத்தவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம். இந்த உலகத்தில் அந்தப் பெண்மணிக்குத் தேவையான வாக்கியம் அது ஒன்றுதான். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் ரப்பரக்காதான், சொல்லக் கூடாத ஆளும்கூட.

"இறங்கணுமாம்மா?" என்று கண்டக்டர் கேட்டார். அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"இல்ல," என்றாள். "ஏறும்போது தெரியாம இந்த பஸ்ல ஏறிட்டேன். பரவால்ல, போகட்டும்."

கதவு மூடிற்று. பெண்மணி திரும்பி, அவசரமில்லாமல், குட்டித் தெருவுக்குள் நடந்தாள். ரப்பரக்கா முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்தபடி, தங்கை வீட்டு நிறுத்தம் வரும்வரை நின்றுகொண்டே போனாள்.