சாமி தேர்ந்தெடுத்த இலக்கணம்

எனக்கு ஏழு வயதிலேயே தலைக்கனம் வந்துவிட்டது. குற்றம் என்னுடையதல்ல, அப்பாவுடையது. உப்பு மடித்து வந்த காகிதம் முதல் உரமூட்டை எழுத்துவரை நான் கடகடவென்று வாசிப்பதை, பூண்டு வாங்க மலையேறி வரும் வியாபாரிகளுக்கெல்லாம் வேடிக்கை காட்டுவார். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. அடுத்த ஊருக்குப் போகிற சோலைப்பாதையில் ஒருநாள் காட்டெருமை மறித்ததோடு என் பள்ளி வாழ்க்கை முடிந்து, எட்டாவது வரை படித்த அப்பாவே வாத்தியாரானார். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. பத்திரத்தில் கைநாட்டுதான்.

அறுபதாம் வருஷத்தை ஒட்டி இருக்கும். கொடைக்கானலில் ஒரு பங்களாவில் தோட்டவேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, இரண்டு தமிழ் இலக்கணப் புத்தகங்களோடு வந்தார். ஒன்று மெலிசு. மூன்றாம் வகுப்புக்கானது, பெரிய பெரிய எழுத்து. மற்றது அட்டை பிய்ந்த தடிப் புத்தகம், ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கானது. என்னைக் கேட்டிருந்தால் சண்டையே வந்திருக்காது. தடிப் புத்தகம் அப்போதே என் மடியில் இருந்தது.

"புள்ள பறக்குது மாப்ள. அதப் போயி நொண்டியடிக்கச் சொல்றீங்களே" என்றார் அப்பா.

"விழுந்த பல்லே இன்னும் மொளைக்கல மச்சான். அஸ்திவாரம் இல்லாம மச்சு கட்டலாங்களா?" என்றார் மாமா.

இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு இந்த வாக்குவாதம் ஓடியது. அம்மா மெலிசுப் புத்தகத்தை எடுத்து, தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்ற சந்தேகத்தோடு ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் எதுக்கு வாய் வலிக்கப் பேசுறீங்க? காலைல வெள்ளனே குளிச்சிட்டு முருகன்கிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றாள்.

பெண் கொடுப்பதா, நிலம் வாங்குவதா, எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் தீர்ப்பு. சிவப்புப் பூவை ஒரு இலையிலும் வெள்ளைப் பூவை இன்னொரு இலையிலும் மடித்துக் கட்டி, சாமி காலடியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் மெலிசு, சிவப்பு வந்தால் தடி. பூப்பறித்ததும் பொட்டலம் கட்டியதும் அம்மா. எடுத்தது நான். வெள்ளை.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. சாமிக்கு மேல் பேச முடியாதே. பூசாரி இரண்டு பழம் கொடுத்தும் என் அழுகை நிற்கவில்லை. எல்லோரும் விபூதி வாங்கிக்கொண்டிருக்கும்போது, கோபத்தில் மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் வெள்ளை. முருகனுக்கு என்மேல் இத்தனை பிடிவாதமா என்று பயந்துபோனேன். இலையைச் சுருட்டி எறிந்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து அப்பாவுக்குக் காட்டில் சோலி அதிகம், பாடம் அம்மா பக்கத்தில். அவள் பூண்டைக் காய்ந்த தண்டோடு பின்னிக் கட்டிக்கொண்டிருப்பாள். "சத்தமா வாசி. வெரலு வச்சு வாசி." வாசிப்பேன். "இன்னொருக்கா." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், எனக்கு இன்னொருக்காவா? சிலேட்டில் எழுதினால் "அழிக்காத, அப்பிடியே கெடக்கட்டும்" என்பாள். பெற்றவளுக்கே என் அறிவில் நம்பிக்கையில்லை என்று மனம் கசந்தது. பழிவாங்க ஒருநாள் ஒரு வரியைத் தாண்டி வாசித்தேன்.

"ஒரு வரிய முழுங்கிட்டியே" என்றாள், கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல். இதையும் முருகன்தான் காட்டிக்கொடுக்கிறார் என்று நினைத்து, பிறகு ஒழுங்காக வாசித்தேன்.

மெலிசுப் புத்தகம் முடிய ஒரு வெள்ளாமைக் காலம் ஆனது. முடிந்த அன்றைக்கு அம்மாவே அடுக்குப்பானைக்குள்ளிருந்து தடிப் புத்தகத்தை எடுத்து வந்தாள். "ஒன்னய ரொம்ப இழுத்துப் பிடிச்சிட்டேன் தாயி" என்று என் கன்னத்தைத் தொட்டாள். அவள் கண் ஏன் கலங்கியிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

பதினோரு வயதில் என்னைக் கொடைக்கானலில் விடுதியில் சேர்த்தார்கள். முதல் மாதமே வீட்டிலிருந்து ஒரு கார்டு வந்தது. பூண்டுப் பல் மாதிரி பெரிய பெரிய எழுத்து, மேடும் பள்ளமுமாக. ஆனால் ஒரு பிழை இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதைக் கட்டு என்று இருந்தது. அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் பதில் எழுதினேன்.

'அன்புள்ள அப்பாவுக்கு, எழுதுகிற கையில் அடிபட்டுவிட்டதா?'